மாடிக்குப் போன பால்

போன வாரம், என்கூட வேலை பார்த்த நர்ஸ் ஷைனி வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பியிருந்தாள். நான் ஓய்வு பெறும்வரை வேலை பார்த்த ஆஸ்பத்திரியில், குறைமாதக் குழந்தைகள் பிரிவுக்குத் தாய்ப்பால் எடுக்கும் மின்சார மெஷின் வந்திருக்கிறது. அதற்கு மாலை போடாத குறையாக நாலைந்து நர்ஸுகள் சுற்றி நின்று பல்லைக் காட்டிக்கொண்டிருந்தார்கள். படத்துக்குப் பின்னாலேயே ஷைனியின் குரல். "சரசு சேச்சி, புதுசா வந்த பிள்ளைங்க கேக்குறாங்க, இது இல்லாத காலத்துல நீங்கல்லாம் என்ன செஞ்சீங்கன்னு. எழுதித் தாங்க. தமிழ்லயே எழுதுங்க, இங்க பாதிப் பேரு எஸ்டேட் பிள்ளைங்கதான்."

அவளிடம் நான் முடியாது என்று சொன்னதே இல்லை. அது அவளுக்கு நன்றாகவே தெரியும்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். மெஷின் நல்லது. அந்தக் காலம் மாதிரி வருமா என்று பெருமூச்சு விடுகிற ஆள் நான் இல்லை. என் பெருவிரல் மூட்டுகள் மழை வந்தால் இன்றும் என்னைத் திட்டுகின்றன. ஆனால் பிரசவமான முதல் ஓரிரு நாளில் வரும் சீம்பால் சொட்டுச் சொட்டாகத்தான் வரும். மெஷினில் எடுத்தால் புனலும் குழாயும் நக்கிக்கொண்டது போக, குழந்தைக்கு ஒன்றும் மிஞ்சாது. அதற்குக் கைதான் வேண்டும். அதனால் பிள்ளைகளே, கையைக் கழுவுங்கள், கைகழுவி விடாதீர்கள்.

என் ஊர் கொழிஞ்சாம்பாறைப் பக்கம். தென்னையும் கடலையும் போடுகிற குடும்பம். நர்ஸிங் படித்தது பாலக்காட்டில். அந்த வருஷங்களைப் பற்றி, பரீட்சைக்கு முந்தின நாள் தவறாமல் எனக்குக் காய்ச்சல் வரும் என்பதைத் தவிர, சொல்ல ஒன்றுமில்லை. வேலை கிடைத்தது இடுக்கி மலைமேல். நான் "ஏனுங்க" என்று வாயைத் திறந்தாலே வார்டில் சிரிப்பார்கள். அவர்கள் எல்லாம் திருநெல்வேலி, மதுரைப் பக்கமிருந்து தேயிலைக்கும் ஏலத்துக்கும் மலையேறி வந்தவர்களின் பேரப்பிள்ளைகள். சிரித்தாலும் சொன்னதைக் கேட்பார்கள். சில வருஷம் எல்லா வார்டிலும் உருண்டு, கடைசியில் மாடியில் இருந்த குறைமாதக் குழந்தைகள் பிரிவில் போய் விழுந்தேன். அங்கே பொறுப்பில் இருந்தவர் திரேசியாம்மா சிஸ்டர்.

சிஸ்டர் குள்ளம். நடந்தால் செருப்புச் சத்தம்கூடக் கேட்காது. ஆனாலும் அவர் வருகிறார் என்று எல்லோருக்கும் தெரிந்துவிடும், பேச்சு தானாக நின்றுவிடும், டாக்டர்கள் பேச்சு உள்பட. எங்களிடம் மலையாளமும் தமிழும் கலந்து ஒரு பாஷை பேசுவார். கோபம் வந்தால் சுத்த மலையாளம். ரொம்பக் கோபம் வந்தால் மௌனம். அந்த மௌனத்துக்குப் பயந்துதான் நாங்கள் ஒழுங்காக இருந்தோம்.

ஆனால் ஒரு தாயிடம் பால் எடுக்கப் போகும்போது அவர் வேறு ஆளாகிவிடுவார். முழங்கைவரை சோப்புப் போட்டுக் கழுவுவார். பிறகு வெந்நீரில் கையை வைத்துச் சூடாக்கிக்கொள்வார். குளிர்ந்த கை பட்டால் உடம்பு சுருங்கும், பால் உள்ளேயே நின்றுவிடும் என்பது அவர் கணக்கு. நின்றுகொண்டு பால் எடுத்து நான் பார்த்ததே இல்லை. திரைச்சீலையை இழுத்துவிட்டு, ஸ்டூலைப் போட்டு, தாயின் முகத்துக்குத் தன் முகம் கொஞ்சம் கீழே இருக்கும்படி உட்காருவார். "தொடட்டே மோளே?" என்று கேட்பார். அவள் தலையாட்டினால்தான் கை நீளும். ஆட்டாவிட்டால் கையை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே இருப்பார்.

முதலில் வெதுவெதுப்பான துணியை மார்பில் கொஞ்ச நேரம் போடுவார். பிறகு விரல்களின் பின்பக்கத்தால் மேலிருந்து காம்பை நோக்கி மெல்ல நீவுவார். அப்புறம் பெருவிரல் மேலே, மற்ற விரல்கள் கீழே, கறுப்பு வட்டத்துக்குச் சற்று வெளியே. நெஞ்சை நோக்கி உள்ளே தள்ள வேண்டும், பிறகு அமுக்க வேண்டும், பிறகு விட வேண்டும். தள்ளு, அமுக்கு, விடு. காம்பைப் பிடித்து இழுக்கக் கூடாது. தோலின் மேல் விரல் வழுக்கக் கூடாது. தாய்க்கு வலித்தால் நாம் செய்வது தப்பு. விரல்களைச் சுற்றி நகர்த்திக்கொண்டே போய், ஒரு பக்கம் குறைந்தால் மறுபக்கம், மறுபடி இந்தப் பக்கம். குழந்தை பக்கத்தில் இருந்தால் எத்தனை தடவை குடிக்குமோ அத்தனை தடவை எடுக்க வேண்டும், ராத்திரி உள்பட. ஓரிரு நாள் காட்டிக் கொடுத்தால் தாயே பழகிக்கொள்வாள்.

நான் புதிதில் கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருப்பேன், எவ்வளவு விழுந்தது என்று. சிஸ்டர் என் தலையில் லேசாகத் தட்டுவார். "கிண்ணத்த நோக்கண்டா சரசு. பாலுக்கு நாணம் வரும்." நாம் கிண்ணத்தைப் பார்த்தால் தாயும் கிண்ணத்தைப் பார்ப்பாள், இவ்வளவுதானா என்று மனசு விட்டுப்போகும். அவர் சொன்னதை நான் அப்படித்தான் புரிந்துகொண்டேன். "பால் இல்லை" என்ற பேச்சுக்கும் அவர் பிரிவில் இடமில்லை. "இப்போ வந்நில்ல, வரும்" என்றுதான் சொல்ல வேண்டும்.

சீம்பால் உருக்கின நெய் நிறத்தில் காம்பின் நுனியில் வந்து நிற்கும். ஊசியில்லாத சின்ன சிரிஞ்சால் அதை அப்படியே உறிஞ்சி எடுத்து, மாடிக்குக் கொண்டுபோய், குழந்தையின் கன்னத்துக்கு உள்பக்கம் ஒரு துளி வைப்போம். நான் முதல் தடவை பார்த்த குழந்தை என் உள்ளங்கையிலிருந்து முழங்கைவரைகூட இல்லை. தோலுக்கு அடியில் நரம்பெல்லாம் தெரிந்தது. மூச்சுக்குக் குழாய், தொப்புளில் குழாய். அழக்கூடத் தெம்பில்லாத அது, அந்தத் துளி பட்டதும் உதட்டை மூடிக்கொண்டது. நாக்கு அசைந்தது.

அப்போதிருந்த குழந்தை டாக்டர் ஒரு தடவை விளக்கினார். குறைமாதத்தில் பெற்றவளின் பாலும் நிறைமாதத்தில் பெற்றவளின் பாலும் ஒன்றில்லையாம். அவசரமாக வந்த பிள்ளைக்கு என்ன வேண்டுமோ அது இந்தப் பாலில் கூடுதலாக இருக்குமாம். பிள்ளை முன்கூட்டியே வந்துவிட்டது என்று உடம்புக்கு யார் போய்ச் சொன்னது? நானும் எத்தனையோ பிரசவம் பார்த்தவள். ஆனால் அன்றைக்கு வீட்டுக்குப் போய்ச் சாப்பிடத் தோன்றாமல் உட்கார்ந்திருந்தேன். இன்றைக்கும் எனக்கு அந்த ஆச்சரியம் தீரவில்லை.

இனி மாரீஸ்வரிக்கு வருகிறேன். ஷைனி கேட்டதற்குப் பதில் அவள் கதையில்தான் இருக்கிறது.

சாந்தன்பாறைக்கு அப்பால் ஒரு ஏலத் தோட்டத்துப் பெண். தலைப்பிரசவம். பிரஷர் ஏறி முகம் வீங்கி, வலிப்பு வந்து, ஜீப்பில் அள்ளிப் போட்டுக்கொண்டு வந்தார்கள். உடனே ஆபரேஷன். பெண் குழந்தை. ஒரு கிலோ சர்க்கரைப் பையைத் தூக்கிப் பழகின கைக்கு அது ஒன்றுமே இல்லாதது போல இருந்தது. குழந்தை மாடியில், கண்ணாடிப் பெட்டிக்குள். தாய் கீழே, பிரஷர் இறங்காமல், கட்டிலைவிட்டு எழக் கூடாது என்ற உத்தரவோடு. இரண்டு பேருக்கும் நடுவே ஒரே ஒரு மாடி.

கூட இருந்தது புருஷனின் அக்கா அழகம்மா. மாரீஸ்வரிக்குத் தாயும் இல்லை, மாமியாரும் இல்லை. புருஷன் தோட்டத்துக்கு ஆள் ஏற்றும் ஜீப் ஓட்டுகிறவன், வந்து வந்து போவான். மாரீஸ்வரி 'மதினி, மதினி' என்று அழகம்மாவின் முந்தானையை விடமாட்டாள். நல்ல திடமான பெண்பிள்ளை அழகம்மா. முதல் நாள் சிஸ்டரும் நானும் சீம்பால் எடுத்தபோது கால்மாட்டில் நின்று கண் கொட்டாமல் பார்த்தார். "பாத்துக்குங்க, இனி நீங்களும் எடுத்துக் குடுக்கோணும்" என்றேன். தலையாட்டினார். மறுநாள் அவர் எடுத்துக் கொடுத்த சிரிஞ்சே மாடிக்கு வந்தது. பரவாயில்லையே என்று நினைத்தேன்.

அதற்கப்புறம்தான் பால் ஊறி மார்பு கல்லாகும் சமயம். நிறைய வர வேண்டிய நேரத்தில் கிண்ணம் காலியாக வந்தது. அடுத்த தடவையும் காலி. "வத்திப் போச்சாம்" என்று வார்டு நர்ஸ் சொல்லியனுப்பினாள். ஊறுகிற நேரத்தில் எப்படி வற்றும்? நான் கீழே இறங்கிப் போனேன்.

வார்டுக்குள் டெட்டால் வாசனையைத் தாண்டி மல்லிகைப்பூ வாசம் வந்தது. போடியிலிருந்து மலையேறும் பஸ்ஸில் தினமும் பூ வரும், அதனால் அது புதிதில்லை. ஆனால் மாரீஸ்வரியின் தலை எண்ணெய் காணாமல் முடிச்சாகக் கிடந்தது. அழகம்மா தலையிலும் பூ இல்லை.

"ஏனுங்க, பூவு வாசம் தூக்குது. பூவெங்க வெச்சிருக்கறீங்க?"

அழகம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். மாரீஸ்வரி போர்வையை இழுத்துக் கழுத்துவரை மூடினாள். நான் விலக்கிப் பார்த்தேன். இரண்டு மார்பிலும் மல்லிகைச் சரம் அடுக்கடுக்காகச் சுற்றி, மேலே பழைய சேலையைக் கிழித்து இறுகக் கட்டியிருந்தது.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். பிள்ளை இறந்துவிட்டால் தாய்க்குப் பால் கட்டி வலி உயிர் போகும். அதை வற்ற வைக்க நம் ஜனங்கள் மார்பில் மல்லிகை வைத்துக் கட்டுவார்கள். அது கேட்கவும் செய்யும். ஆனால் அது பிள்ளையை இழந்தவளுக்குச் செய்வது. இங்கே பிள்ளை மாடியில் மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறது. என் வாய் சும்மா இருக்குமா?

"மேல உசுரோட கெடக்குற புள்ளைக்கு இங்க கருமாதி பண்றீங்களா?" என்று கத்திவிட்டேன். வார்டே திரும்பிப் பார்த்தது.

அழகம்மா மெதுவாகத்தான் பேசினார். "கத்தாதீக நர்ஸம்மா. எனக்கும் இப்பிடி ஒண்ணு வந்துச்சு, மாசம் முடியாம. கொஞ்ச நாளு கெடந்துட்டுப் போயிருச்சு. அது போன பெறகும் இந்தப் பாலு மட்டும் நிக்கல. எந்தப் பிள்ள அழுதாலும் ரவிக்க நனையும். பைத்தியம் பிடிக்காத குறை. இவளும் அதப் படணுமா? முன்னாலேயே நிறுத்திப்புட்டா, அந்த ஒரு வலியாச்சும் மிச்சமாகும்ல?"

மாரீஸ்வரி கூரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "மதினி சொல்றது சரிதான் சிஸ்டர். அது மொகத்த நான் பாக்கல. பாக்கவும் மாட்டேன். போன்ல படம் கிடம் காட்டிறாதீக. பாத்துட்டா அப்பறம் என்னால முடியாது."

சத்தம் கேட்டு சிஸ்டர் வந்தார். பூவைப் பார்த்தார். ஒன்றும் பேசவில்லை. போச்சு, மௌனம் வந்துவிட்டது, இனி இடிதான் என்று நான் ஒதுங்கினேன். அவர் போய்க் கை கழுவி, வெந்நீரில் வைத்துச் சூடாக்கிக்கொண்டு வந்தார். ஸ்டூலை இழுத்தார். மாரீஸ்வரி பக்கத்தில் போடவில்லை, அழகம்மா முன்னால் போட்டு உட்கார்ந்தார்.

"கொச்சு ஆணோ, பெண்ணோ?"

அழகம்மாவுக்கு முதலில் விளங்கவில்லை. கேட்டது தான் பறிகொடுத்த பிள்ளையைப் பற்றி என்று விளங்கினதும் முகம் கோணியது. "பையன்."

"பேரு வெச்சோ?"

"வைக்கல. ஆனா நான் மனசுக்குள்ள ஒண்ணு கூப்பிடுவேன்." என்ன பேர் என்று சொல்லாமலே அழுதார். அத்தனை வருஷத்தில் அவரிடம் யாரும் அதைக் கேட்டதில்லை போலிருக்கிறது. சிஸ்டர் அவர் அழுது முடிக்கும்வரை உட்கார்ந்திருந்தார்.

பிறகு ஸ்டூலை மாரீஸ்வரி பக்கம் திருப்பினார். "மோளே, நான் பொய் சொல்ல மாட்டேன். கொச்சு நிக்குமோ போகுமோ, எனக்கறியில்ல. டாக்டருக்கும் அறியில்ல. அதின்ட குடலு பூ மாதிரி. டின் பால் சேராது, குடல் கேடாகும். அதுக்கு மருந்து மேல இல்ல, உன்கிட்டதான் உண்டு. எத்தன நாள் இருக்குமோ, இருக்கிற நாள்ல அது பசிச்சு இருக்க வேண்டா." அப்புறம், "தொடட்டே?"

மாரீஸ்வரி தலையாட்டவில்லை. சிஸ்டர் கையை மடியில் வைத்துக் காத்திருந்தார். சூடாக்கின கை ஆறிப்போயிருக்கும். கடைசியில் எழுந்து வந்தது அழகம்மா. தான் போட்ட முடிச்சைத் தானே அவிழ்த்தார். வாடின பூவை நான் தட்டில் வாங்கி மூடி வைத்தேன்.

அதற்குப் பிறகு வந்தது வறண்ட காலம். பூ தன் வேலையைச் செய்துவிட்டிருந்தது. வெதுவெதுப்பான துணி, நீவல், தள்ளு, அமுக்கு, விடு. ஒன்றும் வராது. மறுபடி. ஒன்றும் வராது. மாடியில் குழந்தைக்கு நரம்பு வழியாக சத்துத் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது, டாக்டர் தினமும் "என்ன சிஸ்டர், வந்துச்சா?" என்பார். "வரும்" என்பார் சிஸ்டர். எனக்கு நம்பிக்கை விட்டுப்போயிருந்தது. விடாமல் நின்றது அழகம்மாதான். அவரிடம் கடிகாரம் கிடையாது. ரோட்டில் போகும் பஸ்களின் ஹாரனை வைத்து நேரம் பிடிப்பார். மூணாறு பஸ் போனால் ஒரு தடவை, தேனி பஸ் போனால் ஒரு தடவை. பஸ் லேட்டானால் டிரைவரைத் திட்டிக்கொண்டே வெந்நீர் வைப்பார்.

ஒரு நாள் காலை சிஸ்டர் மாடியிலிருந்து குழந்தையின் கம்பளித் தொப்பியைக் கொண்டுவந்தார். வேறு தொப்பி மாற்றியபோது கழற்றினது. ஒரு ஆரஞ்சுப் பழத்துக்கு மாட்டலாம், அவ்வளவுதான் அளவு. அதை மாரீஸ்வரியின் தலையணை ஓரத்தில் வைத்துவிட்டுப் போய்விட்டார். படம் காட்டக் கூடாது என்றுதானே அவள் சொல்லியிருந்தாள். மாரீஸ்வரி முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

மத்தியானம் நான் போனபோது தலையணையில் தொப்பி இல்லை. அவள் கைக்குள் இருந்தது, கை மூக்கோடு ஒட்டியிருந்தது. கண் மூடியிருந்தாள். நான் சூடாக்கின கையோடு உட்கார்ந்து, "தொடட்டுமா கண்ணு?" என்றேன். தலையாட்டினாள். தள்ளினேன், அமுக்கினேன், விட்டேன். காம்பின் நுனியில் கடுகளவு ஈரம் மினுங்கியது. அது பெரிதாகி, உருண்டு, நின்றது.

சிஸ்டர் சொன்னதெல்லாம் காற்றில் போக, நான் அந்தத் துளியையே வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தேன். பிள்ளை இல்லை என்று சொல்லிக் கட்டிப்போட்ட உடம்பு அது. யார் சொன்னாலும் கேட்காமல் இருந்த உடம்பு. ஒரு கம்பளித் தொப்பியின் வாசனையை மோந்து, இருக்கிறது என்று நம்பிவிட்டது.

அந்த சிரிஞ்சை மாடிக்குக் கொண்டுபோகும் வேலையை சிஸ்டர் அழகம்மாவுக்குக் கொடுத்தார். இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு ஒவ்வொரு படியாக ஏறினார் அழகம்மா. கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்று பார்க்க விட்டோம். அவர் இறங்கி வந்தபோது மாரீஸ்வரி கூரையைப் பார்த்தபடியே கேட்டாள். "குடிச்சுதா மதினி?"

குழந்தையைப் பற்றி அவள் கேட்ட முதல் கேள்வி அது.

"குடிக்காம? நாக்க நீட்டி நக்குச்சுடி. இன்னும் இருக்கான்னு பாக்குது."

அதற்குப் பிறகு சிரிஞ்ச் கிண்ணமானது, கிண்ணம் பாட்டிலானது. மூக்குக் குழாய் வழியாகப் போன பால், பிறகு சங்கு மாதிரி இருக்கும் பாலாடையில் போனது. மூச்சுக்கு வைத்த குழாயை எடுத்துவிட்டார்கள். எடை ஏறத் தொடங்கியது. இனிப் பயமில்லை என்று டாக்டர் வாயால் சொன்ன அன்று நான் சிஸ்டரைக் கட்டிக்கொண்டேன், அவர் "வேலை நோக்கு" என்று விரட்டினார். அந்தப் பிள்ளை இப்போது சாந்தன்பாறையில் பள்ளிக்கூடம் போகிறது.

ஆனால் பிரஷர் இறங்கி, நடக்கலாம் என்று சொன்ன பிறகும் மாரீஸ்வரி மாடிக்கு வரவில்லை. "இன்னுங் கொஞ்சம் போகட்டும்" என்பாள். பால் மட்டும் தவறாமல் வரும். எனக்குப் பொறுக்கவில்லை, கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விடலாமா என்றிருந்தது. சிஸ்டர் விடவில்லை.

ஒரு நாள் பாட்டிலை வாங்கப் போனபோது அவளே கேட்டாள். "பாலாடைல குடிக்குதுன்னு மதினி சொன்னாக. யாரு மடியில வச்சுக் குடுக்குறீக?"

"நாந்தான் கண்ணு. வேற யாரு?"

"நீங்களா? தெனமுமா?"

"தெனமுந்தான். நல்லாப் பழகிருச்சு. என்னைப் பாத்தா வாயத் தொறக்குது."

கொஞ்ச நேரம் என்னையே பார்த்தாள். அந்தப் பார்வையில் என்மேல் அப்படி ஒரு பொறாமை. அதைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. கட்டிலைவிட்டுக் காலைக் கீழே போட்டாள். "வண்டி எடுத்துட்டு வாங்க. போவம்."

வீல்சேரில் வைத்து சாய்தளம் வழியாக நானும் அழகம்மாவும் தள்ளிக்கொண்டு போனோம். வாசலில் கை கழுவ வைத்து, கவுன் மாட்டினோம். அழகம்மா கதவுக்கு வெளியே நின்றுகொண்டார். உள்ளே நுழைந்ததும் ஏதோ ஒரு குழந்தை வீரிட்டது. மாரீஸ்வரியின் கவுன் முன்பக்கம் இரண்டு இடத்தில் நனைந்து பரவியது. அவள் பயந்துபோய் என் கையைப் பிடித்தாள்.

"இதுவா சிஸ்டர்?"

"இல்ல கண்ணு, அது வேற ஊட்டுப் புள்ள. உன்ற புள்ள அங்க, ஜன்னல் ஓரம்."

திரேசியாம்மா சிஸ்டர் ஜன்னலோரப் பெட்டியைத் திறந்துவிட்டுத் தள்ளி நின்றார். குழந்தை விழித்துக்கொண்டிருந்தது. மாரீஸ்வரி வெகுநேரம் எதையும் தொடவில்லை. பிறகு ஒரு விரலை உள்ளே நீட்டினாள். அதன் கை வந்து அந்த விரலைப் பற்றியது. அவள் குனிந்து, முன்பின் தெரியாத ஒருவரிடம் தன்னைச் சொல்லிக்கொள்கிற மாதிரி, கூச்சத்தோடு சொன்னாள்.

"நாந்தான்... கீழ இருந்து பாலு குடுத்து விட்டவ."